இறப்பர்த் தகடும் உருளைகளின் வெப்பமும்

இயற்கை இறப்பர் ஐசோப்பிரீன் எனும் ஒருபகுதியத்தாலான பல்பகுதியமாகும். கந்தகம் முதலியன கலக்கப்பட்ட இறப்பர், சூடான உருளைகளுக்கிடையே செலுத்தப்பட்டு மெல்லிய தகடாக்கப்படுகின்றது. இதன்போது வெப்பநிலையைக் கட்டுப்படுத்துவது ஏன்?

1. வெப்பநிலை குறைவாயின்: நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் இலகுவில் ஒன்றன்மீதொன்று வழுக்கிச் செல்லா. உருளையை விட்டு வெளியேறும் தகடு மீள்தன்மை காரணமாகச் சுருங்கித் தடிக்கும். மேற்பரப்பும் கரடுமுரடாகும்.

2. பொருத்தமாயின் (ஏறத்தாழ 70 – 100 பாகை செல்சியஸ்): இறப்பர் மென்மையாகிச் சீரான தடிப்புடைய தகடாகும்.

3. மிகையாயின்: கந்தகம் சங்கிலிகளிடையே குறுக்குப் பிணைப்புகளை ஏற்படுத்தத் தொடங்கும். இதுவே வல்கனைசுப்படுத்தல். இதனை 1839 இல் சாள்ஸ் குட்இயர் கண்டறிந்தார். வழமையாக இது பொருளை உருவமைத்த பின்னர், ஏறத்தாழ 140 – 160 பாகை செல்சியஸில் செய்யப்படும். உருளையிலேயே நிகழ்ந்துவிட்டால் இறப்பர் இறுகிவிடும். மீண்டும் வெப்பமேற்றினாலும் இளகாது. அத்தொகுதி வீணாகும்.

கவனிக்க: வெளியிலிருந்து வெப்பம் வழங்கப்படாவிடினும், இறப்பர் நசிக்கப்படும்போது உராய்வினால் வெப்பம் பிறக்கும். எனவே உருளைகளினுள்ளே நீரைச் செலுத்தி வெப்பநிலை பேணப்படுகின்றது. மெல்லிய தகட்டின் திணிவுடன் ஒப்பிடுகையில் மேற்பரப்பு அதிகம். ஆதலால் வெளியேறியதும் அதனைக் குளிர் உருளைகள் மீது செலுத்தி விரைவாகக் குளிரச் செய்யலாம்.

பரீட்சைக் குறிப்பு: "வெப்பத்தினால் இறப்பர் இளகும்" என்று மட்டும் எழுதினால் விடை முழுமையாகாது. மென்மையாதல் பௌதிக மாற்றம். வல்கனைசுப்படுத்தல் இரசாயன மாற்றம். இவ்வேறுபாட்டைத் தவறாது குறிப்பிடுக.