காற்று இருந்தும் நிற்கும் காற்றாலை

ஆடி மாதம், ஆரல்வாய்மொழியில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். கணவாய்க் காற்றில் டீ இரண்டே வாயில் ஆறிவிடுகிறது. எதிரே முப்பந்தல் வரை காற்றாலைகள். அவற்றில் சில அசையாமல் நிற்கின்றன. "இம்புட்டுக் காத்து அடிக்கி, நிப்பாட்டி வச்சிருக்கானுவ பாருங்க" என்கிறார் பக்கத்து பெஞ்சுக்காரர்.

சில ரிப்பேரில் நிற்கும். ஆனால் நல்ல நிலையில் இருப்பதையும் சில நேரம் நிறுத்தச் சொல்கிறார்கள். ஏன்?

நம் எல்லோர் மனதிலும் ஒரு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. காற்றாலை ஓட ஓடத் தொட்டி நிறையும், வேண்டும்போது குழாயைத் திறந்துகொள்ளலாம் என்று நினைத்துக்கொள்கிறோம். மின்சாரத்துக்கு அந்தத் தொட்டி கிடையாது. கம்பியில் மின்சாரம் தேங்கி நிற்பதில்லை. நம் தலைக்கு மேல் சுற்றும் ஃபேனுக்கான மின்சாரம் இந்த நொடியில்தான் எங்கோ உற்பத்தியாகிறது. போன நொடியின் மிச்சம் என்று எதுவும் இல்லை.

ஆகவே தொட்டியை விட்டுவிட்டுத் தேரை நினைப்போம். வடம் பிடிப்பவை மின் நிலையங்கள். தேரின் பாரம் நாம் போடும் விளக்கும் மோட்டாரும். தேர் போகும் வேகத்துக்கு அதிர்வெண் என்று பெயர்: நொடிக்கு 50 அலைவு. அதை 49.90க்கும் 50.05க்கும் நடுவில் வைத்திருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. பாரம் கூடினால் தேர் தளரும். பாரம் குறைந்தும் எல்லோரும் அதே பலத்தோடு இழுத்தால் தறிகெட்டு ஓடும். லோட் டெஸ்பாட்ச் சென்டரில் இருப்பவர்கள்தான் சக்கரத்தின் பக்கத்திலேயே முட்டுக்கட்டையோடு நடப்பவர்கள்.

இந்தக் கூட்டத்தில் காற்று நல்ல பலசாலி. ஆனால் ஊர் உறங்கும் நள்ளிரவில் வந்து இழுப்பார், காலையில் சொல்லாமல் வடத்தை விட்டுவிடுவார். சூரியன் ஒழுங்கானவர். என்ன, நாம் விளக்குப் போடும் நேரத்துக்குச் சரியாகக் கிளம்பிவிடுவார்.

அப்படியானால் நிலக்கரியை நிறுத்திவிடலாமே? அனல் மின் நிலையம் கல்யாண வீட்டுக் கோட்டை அடுப்பு மாதிரி. விறகை இழுத்துத் தணலைக் குறைக்கலாம். அணைத்துவிட்டால் மறுபடி மூட்டிச் சூடேற்றப் பல மணி நேரமாகும். காற்று விழுந்த பிறகு பற்றவைத்தால் காலைச் சமையல் நடக்காது. அதனால் குறைக்க முடிந்த மட்டும் குறைத்தும் மிஞ்சினால், அல்லது போகிற மின்பாதை தாங்காவிட்டால், காற்றாலைக்கு 'நிறுத்து' என்று உத்தரவு வருகிறது.

உண்மையிலேயே ஒரு தொட்டி வால்பாறைப் பக்கம் இருக்கிறது. கடம்பாறையில், மிஞ்சிய மின்சாரத்தால் மேல் ஆழியாறு தண்ணீரை மலை மேல் ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி 400 மெகாவாட் வரை எடுக்கிறார்கள். ஏற்ற நாலு யூனிட் செலவானால் சுமார் மூன்று திரும்பி வரும், மோசமில்லை. ஆனால் தமிழகத்தில் நிறுவியுள்ள காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டுக்கு மேல்.

கூடுதல் ஆட்களைச் சேர்ப்பது இன்னொரு வழி. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் பாதை வழியே தென்னக மின்வலை, நாட்டின் பெரிய வலையோடு ஒரே தாளத்தில் இணைந்தது. தேர் பெரிதானது, வடம் பிடிக்கும் ஊர்களும் கூடின. இங்கே ஒரு கை நழுவினால் முன்போல் தேர் குலுங்குவதில்லை.

பெஞ்சுக்காரர் யோசிக்கிறார். "அப்ப காத்து அடிக்கிற நேரமாப் பாத்து நாங்க மோட்டாரைப் போட்டா?"

போடலாம். உற்பத்தியைத்தான் நகர்த்த வேண்டும் என்றில்லை, பாரத்தையும் நகர்த்தலாம். அப்போது அவர் வீட்டு மொட்டைமாடித் தொட்டியே மின்சாரத்துக்கும் தொட்டியாகிவிடும்.