மழைமானியின் எல்லையும் க்ஷேத்திர கணிதமும்

ஒரு தாலுகாவில் இவ்வளவு மழை பெய்தது என்று கணக்கில் எழுதப்படும்போது, அந்த எண் எவ்வாறு வந்தது என்று நிலச்சுவான்தார்கள் பெரும்பாலும் கேட்பதில்லை. மழைமானியின் வாய் மிகச் சிறியது. இந்திய வானிலைத் துறையார் உபயோகிக்கும் மானிகளில் ஒரு வகைக்கு வாயின் பரப்பு 200 சதுர சென்டிமீட்டர். அதாவது ஒரு சிறு தட்டின் அளவு. 200 சதுர கிலோமீட்டர் நிலத்துக்கு அத்தகைய மானி ஒன்றே இருக்குமாயின், தன் வாயைப்போல் ஆயிரம் கோடி மடங்கு நிலத்துக்கு அது சாட்சி சொல்ல வேண்டியதாகிறது. மானிகள் நான்கு இருந்தாலும் சங்கடம் தீருவதில்லை. எந்த மானியின் சாட்சியம் எந்த வயல் வரையில் செல்லும் என்பது முதலில் நிச்சயிக்கப்பட வேண்டும். ஏரிக்கு வரத்தக்க நீரின் மதிப்பும், வறட்சிக் காலத்து நிவாரணமும், 2007-ஆம் ஆண்டில் இந்தியாவில் தொடங்கப்பட்ட வானிலை அடிப்படையிலான பயிர்க் காப்பீட்டின் தொகையும் இத்தகைய கணக்கையே ஆதாரமாகக் கொண்டவையாதலால், இது வெறும் ஏட்டுப் பிரச்னையன்று.

இதற்கு ஒரு சுலபமான வழியை 1911-ஆம் ஆண்டில் அமெரிக்க வானிலை இலாகாவைச் சேர்ந்த ஆல்பிரட் தியெஸ்ஸன் என்பவர் வெளியிட்டார். அவருடைய விதி யாதெனில், ஒவ்வொரு நிலமும் தனக்கு மிகவும் சமீபத்தில் உள்ள மானியைச் சேர்ந்ததாகக் கொள்ளப்பட வேண்டும் என்பதே. படத்தில் எல்லை வகுக்கும் முறையும் கடினமானதன்று. கிராமங்களின் படத்தில் மானிகள் உள்ள இடங்களைப் புள்ளிகளாகக் குறித்து, அடுத்தடுத்த புள்ளிகளை நேர்கோடுகளால் சேர்த்து முக்கோணங்களாக்க வேண்டும். ஒவ்வொரு கோட்டையும் சரிபாதியாக்கி, பாதியில் அதற்குக் குறுக்கே செங்குத்தாக வேறொரு கோடு இழுக்க வேண்டும். ஒரு முக்கோணத்தின் மூன்று குறுக்குக் கோடுகளும் ஒரே புள்ளியில் கூடும்; சில சமயம் அப்புள்ளி முக்கோணத்துக்கு வெளியேயும் விழும், அதனால் பிழையென்று எண்ண வேண்டியதில்லை. இக்கோடுகளில் தேவையான பாகங்களை வைத்துக்கொண்டு மற்றவற்றை அழித்துவிட்டால், ஒவ்வொரு மானியைச் சுற்றியும் ஒரு பல கோண எல்லை நிற்கும்.

முக்கோணங்களைச் சேர்ப்பதில்தான் கை தவறுகிறது. நான்கு மானிகள் நாற்கோணமாக அமைந்திருந்தால், குறுக்கே ஒரு மூலைவிட்டம் போட இரண்டு வழிகள் உண்டு. இவற்றுள் எது சரியானது என்பதை, 1934-ஆம் ஆண்டில் ருஷியக் கணித நிபுணரான தெலோனே கூறிய விதியைக்கொண்டு தீர்மானிக்கலாம். மூலைவிட்டத்துக்கு இருபுறமும் எதிரே உள்ள இரண்டு கோணங்களையும் கூட்டினால் 180 பாகைக்கு மேற்படாமல் இருக்க வேண்டும். மேற்பட்டால் அந்தக் கோட்டை அழித்து, மற்ற மூலைவிட்டத்தைப் போட வேண்டும். பள்ளிக்கூடத்துக் கோணமானி ஒன்றே இதற்குப் போதும்.

கணக்கு எவ்வளவு மாறுகிறது என்பதை ஓர் உதாரணத்தால் காணலாம். 200 சதுர கிலோமீட்டர் பரப்பில் நான்கு மானிகள் இருப்பதாகவும், மேற்கூறியபடி எல்லை வகுத்ததில் முறையே 100, 20, 50, 30 சதுர கிலோமீட்டர் அவற்றின் பங்காக வந்ததாகவும் வைத்துக்கொள்வோம். ஒரு நாள் மழை முறையே 20, 80, 44, 36 மி.மீ. நான்கையும் கூட்டி நான்கால் வகுத்தால் சராசரி 45 மி.மீ. என்று வரும். ஒவ்வொரு மழையையும் அதனதன் பரப்பால் பெருக்கிக் கூட்டி, மொத்தப் பரப்பால் வகுத்தாலோ 34.4 மி.மீ.தான். வித்தியாசமான 10.6 மி.மீட்டரை அந்நிலம் முழுவதிலும் பரப்பிப் பார்த்தால் சுமார் 21 இலட்சம் கன மீட்டர், அதாவது ஏறக்குறைய ஏழரைக் கோடி கன அடி ஜலமாகிறது. சிறிய பரப்பில் பெய்த ஒரு கனத்த மழை, தாலுகா முழுவதும் பெய்ததுபோல் ஏட்டில் ஏறிவிட்டதே இதன் காரணம். இல்லாத நீரை நம்பி நாற்று விட்ட குடியானவருக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

இங்கே கிராம உத்தியோகஸ்தர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. மானி பழுதுபட்டோ, பார்ப்பவர் வராமலோ ஒரு நாள் அளவு எடுக்கப்படாமற்போனால், அந்தக் கட்டத்தில் பூஜ்யம் எழுதிவிடும் வழக்கம் மிகவும் தீயது. அளக்கவில்லை என்பது வேறு; மழையில்லை என்பது வேறு. மேற்படி உதாரணத்தில் 80 மி.மீ. காட்டியிருக்க வேண்டிய மானிக்குப் பூஜ்யம் போட்டால் சராசரி 26.4 ஆகக் குறைந்துவிடும். அந்த மானியை அன்றைக்கு இல்லாததாகக் கொண்டு எல்லையைத் திரும்ப வகுத்து, அதன் 20 சதுர கிலோமீட்டரில் முதல் மானிக்கும் மூன்றாவது மானிக்கும் பத்துப் பத்தாகச் சேர்ந்ததாக வைத்துக்கொண்டால் 29.6 கிடைக்கும். இதுவும் உண்மையான அளவன்று. ஆயினும் பொய்யான பூஜ்யத்தைவிட உண்மைக்குச் சமீபமானது. மானியை நாட்டும் இடமும் முக்கியம். பக்கத்தில் உள்ள மரமோ கட்டடமோ மானியின் வாய்க்கு மேல் எவ்வளவு உயரம் நிற்கிறதோ, அதில் குறைந்தது இரு மடங்கு தூரம் தள்ளி மானி இருக்க வேண்டும். வேப்ப மரத்தடியில் நாட்டப்பட்ட மானிக்கு எவ்வளவு நேர்த்தியாக எல்லை வகுத்தும் பிரயோஜனமில்லை.

சமீபமாக இருப்பது ஒன்றே போதுமா என்றால், சமவெளியில் பெரும்பாலும் போதும்; மலையோரத்தில் போதாது. மேற்குத் தொடர்ச்சி மலையில் தென்மேற்குப் பருவக் காற்றை எதிர்கொள்ளும் சரிவில் கனத்த மழை பெய்கையில், அதே மலையின் கிழக்கே உள்ள கோயமுத்தூர் சமவெளி மழை மறைவாக நிற்கிறது. மலைமேல் உள்ள மானி காகம் பறக்கும் தூரத்தில் பக்கத்திலேயே இருந்தாலும், அடிவாரத்து வயலுக்கு அது சாட்சியாகாது. தியெஸ்ஸன் முறைக்குக் காற்றும் தெரியாது, மலையும் தெரியாது. லண்டன் நகரத்தில் 1854-ஆம் ஆண்டு வாந்திபேதி பரவியபோது ஜான் ஸ்நோ என்ற வைத்தியர், எந்தத் தெருக் குழாயின் தண்ணீரை எவர் எடுத்திருப்பர் என்று காண்பதற்காகப் படத்தில் ஓர் எல்லை வகுத்தார். அவர் நேர்கோட்டுத் தூரத்தைக் கொள்ளாமல், ஜனங்கள் நடந்து செல்லும் தெருவின் தூரத்தையே கொண்டார். நெல் கொள்முதல் நிலையம் எந்த ஊருக்குச் சமீபம் என்று பார்க்கிறவர்களும் இந்த வைத்தியரைப் பின்பற்றுவது நலம். இடையில் பாலமில்லாத வாய்க்கால் ஒன்று கிடந்தால் நேர்கோடு வண்டிக்கு உதவாது.

சமீபத்தைக்கொண்டு நிலத்தைப் பிரிக்கும் இந்த விஷயத்தை டிரிக்லே 1850-லும் வொரோனாய் 1908-லும் சுத்த கணிதமாகவே ஆராய்ந்தனர். மானிகள் பத்து இருபது உள்ள வரையில் கையால் வரையலாம். புள்ளிகள் பல்லாயிரமானால் கம்ப்யூட்டர் வேண்டும். அதற்கும் வழி சொல்லிக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு புள்ளியையும் மற்ற எல்லாவற்றோடும் ஒத்துப் பார்ப்பதென்றால், ஓர் இலட்சம் புள்ளிகளுக்குச் சுமார் 500 கோடி ஜோடிகளைப் பார்க்க வேண்டிவரும். ஷாமோஸ், ஹோயி என்ற இருவர் 1975-ஆம் ஆண்டில், படத்தைப் பாதி பாதியாகப் பிரித்துத் தீர்த்துப் பின் ஒட்டுவதால் இவ்வேலையைச் சில பத்து இலட்சம் படிகளின் அளவுக்குச் சுருக்கலாமென்று காட்டினர். 1987-இல் பார்ச்சூன் என்பவர் வெளியிட்ட முறையில், ஒரு கோடு படத்தின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு, சேற்று வயலில் பரம்பு ஓடுவதுபோல் ஒரே தடவை ஓடுகிறது. ஓடிய இடத்துக்குப் பின்னால் எல்லைகள் படிந்துகொண்டே வருகின்றன. கம்ப்யூட்டர் வழிக் க்ஷேத்திர கணிதம் என்ற தனிச் சாஸ்திரம் இவ்வகை ஆராய்ச்சிகளால் 1970-க்குப் பின் வளர்ந்தது. மேடு பள்ளங்களை முக்கோணங்களாக்கி ஏரியின் கொள்ளளவைக் கணிப்பதற்கும் இதே தெலோனே முக்கோணங்கள் உதவுகின்றன.

நில அளவையிலும் இச்சாஸ்திரத்துக்கு இடமுண்டு. முக்கோணங்களால் தேசத்தை அளக்கும் பெருமுயற்சிக்கு, 1802-ஆம் ஆண்டில் லாம்ப்டன் சென்னைக்கருகே பரங்கிமலைப் பக்கத்தில் சுமார் ஏழரை மைல் நீளத்துக்கு அடிக்கோடு அளந்தார். கிராமத்துப் புலப் படத்திலும் புலத்தை முக்கோணமாகவும் சரிவகமாகவும் பிரித்தே பரப்புக் காணப்படுகிறது. இப்போது கைத்தொலைபேசியுடன் வரப்பைச் சுற்றி நடந்தால் அக்கருவியே மூலைகளின் எண்களைக் குறுக்கே பெருக்கிச் சென்டுக் கணக்கைக் காட்டிவிடுகிறது. பெருக்கலில் பிழையில்லை, மூலைகளைக் குறிப்பதில்தான் சில மீட்டர் பிழை நேருகிறது. 40 மீட்டர் நீளமும் 25 மீட்டர் அகலமுமுள்ள புலம் ஏறக்குறைய 24¾ சென்டு. நீளத்திலும் அகலத்திலும் இரண்டிரண்டு மீட்டர் கூடிவிட்டால் அது 28 சென்டாகத் தோன்றும். விதைக்கும் உரத்துக்கும் உத்தேசம் பார்க்க இது போதுமே தவிர, பங்காளிகளுக்குள் வரப்புத் தகராறு வந்த இடத்தில் தொலைபேசியை நம்பிக் கல்லைப் பிடுங்குவது தகாது; சர்வேயரின் அளவே அங்கு செல்லும்.

பயிர்க் காப்பீடு செய்துகொண்டவர்கள் தங்கள் சர்வே நம்பர் எந்த மானிக்குச் சமீபமானது என்பதைத் தாங்களே வரைந்து பார்த்துக்கொள்ளலாம். ஆனால் நஷ்டஈடு, வரைந்த எல்லைப்படி அல்லாமல், அந்தந்தப் பருவத்துக்கு அரசாங்க அறிவிக்கையில் அப்பகுதிக்கென்று குறிக்கப்பட்ட வானிலை நிலையத்தின் அளவுப்படியே கணக்கிடப்படும். இரண்டும் வேறுபடுமாயின், பருவம் தொடங்குமுன் எழுத்து மூலம் வேளாண்மை அலுவலகத்தில் தெரிவித்து, மனுவுடன் மானிகள் குறித்த படத்தையும், வயலிலிருந்து ஒவ்வொரு நிலையத்துக்கும் உள்ள தூரத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.