திருஷ்டிப் பொம்மை காப்பாற்றுமா?

மாடி மேல் மாடியாக மாளிகை எழுகிறது. சாரத்திலே வைக்கோல் அடைத்த பொம்மையொன்று தொங்குகிறது, கண்ணேறு படக்கூடாதாம்! அதே சாரத்தில், ஒற்றைப் பலகைமீது வெறுங்காலோடு நிற்கிறார் கொத்தனார். கீழே வலை இல்லை. இடுப்பிலே பட்டை இல்லை. தலையிலே ஒரு துண்டு, அவ்வளவுதான் கவசம். பொம்மையைக் கட்டக் கயிறு வாங்கிய புண்ணியவானுக்கு, ஆளைக் கட்டக் கயிறு வாங்கத் தோன்றவில்லை.

தவறி விழுந்தால்? "அவன் விதி" என்கின்றனர். "குடித்திருந்தான்" என்கின்றனர். செத்தவன் எழுந்து வந்து மறுக்கமாட்டான் என்ற துணிவு! அந்த விதி எப்போதும் சித்தாளையும் கொத்தனாரையுமே தேடிப் பிடிப்பானேன் என்று நாம் கேட்கிறோம்.

2014 ஜூன் 28ஆம் நாள், சென்னையை அடுத்த மவுலிவாக்கத்தில், கட்டி முடியாத 11 மாடிக் கட்டடம் மழையிலே சரிந்தது. 61 பேர் மாண்டனர். நம் மாவட்டங்களிலிருந்தும், ஆந்திரத்திலிருந்தும், ஒடிசாவிலிருந்தும் கூலி தேடி வந்த ஏழைகள். இடி விழுந்திருக்கும் என்று அன்று சமாதானம் சொல்லப்பட்டது. பக்கத்திலே நின்ற இரட்டைக் கட்டடமோ ஆபத்தானதென்று, 2016 நவம்பர் 2ஆம் நாள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அதன்மீது எந்த இடியும் விழவில்லை!

சாவு எங்கே ஒளிந்திருக்கிறது என்பது தொழிலில் உள்ள தோழர்கள் அறிந்ததே. கடைக்கால் பள்ளத்தைப் பாருங்கள். ஆளுயரத்துக்குமேல் தோண்டுகிறார்கள், பக்கத்துக்குப் பலகை அடித்து முட்டுக் கொடுப்பதில்லை. மண்ணைத் தூரக் கொட்டினால் வண்டிக்கூலி ஆகுமாம், விளிம்பிலேயே குவிக்கிறார்கள். ஒரு மழை போதும், கரை பிளக்க. ஒரு கன மீட்டர் மண் ஏறத்தாழ ஒன்றரை டன் கனம். மார்பளவு புதைந்தாலே மூச்சு அடைத்துவிடும். தலை வெளியே இருந்தும் பயனில்லை.

சென்ட்ரிங் வேலையிலோ அவசரமே எமன். சாதாரண சிமெண்டு என்றால், 15 அடி வரை அகலமுள்ள தளத்துக்கு 7 நாளேனும், அதற்கு மேற்பட்டதற்கு 14 நாளேனும் முட்டு நிற்கவேண்டும். 20 அடிக்கு மேற்பட்ட உத்தரத்துக்கு 21 நாள். இது இந்தியத் தர விதி சொல்லும் கணக்கு. ஒப்பந்தக்காரரின் கணக்கு வேறு! தகடும் முட்டும் வாடகைச் சரக்கு; ஒரு நாள் கூடுதலாக நின்றால் ஒரு நாள் வாடகை. ஆகவே ஈரம் காயாத தளத்தின் கீழே ஆளை அனுப்பி, முட்டைத் தட்டச் சொல்கிறார்.

சட்டம் இல்லையா? 1996லேயே கட்டடத் தொழிலாளருக்கெனத் தனிச் சட்டம் இயற்றினர். 500 பேர் வேலை செய்யும் இடத்தில் தொழிலாளர் பிரதிநிதிகளும் அமரும் பாதுகாப்புக் குழு வேண்டும் என்றது அது. 2020இல் அதனைப் புதிய தொகுப்புக்குள் அடக்கினர். நன்று. ஆனால் எட்டுப் பேரும் பத்துப் பேரும் வேலை செய்யும் மனைகளில் குழு ஏது? உடைமையாளரைக் கேட்டால் ஒப்பந்தக்காரரைக் காட்டுகிறார். அவர் உள் ஒப்பந்தக்காரரைக் காட்டுகிறார். அவர் மேஸ்திரியைக் காட்டுகிறார். மேஸ்திரி பாவம், மேலே வானத்தைக் காட்டுகிறார்!

ஒருவர் மட்டும் "ஏறமாட்டேன்" என்றால் மறுநாள் அவருக்கு வேலை இல்லை. முப்பது பேரும் சேர்ந்து கீழே உட்கார்ந்தால், மாலைக்குள் வலை வந்து சேரும். அந்த முப்பதில் பாதிப்பேர் இந்தியும் ஒடியாவும் வங்காளமும் பேசுவோராக இருக்கலாம். அவர்களும் நம் தோழர்களே. அவர்கள் மொழியில் இரண்டு வாக்கியம் கற்றுக்கொள்வதால் நம் தமிழ் தேய்ந்துவிடாது.

கிளைத் தோழர்கள் இந்த ஞாயிறன்றே தத்தம் வட்டாரத்துக் கட்டட இடங்களுக்குச் செல்லட்டும். சாரத்தை அசைத்துப் பார்க்கட்டும், பள்ளத்தை எட்டிப் பார்க்கட்டும். நலவாரியத்தில் பெயர் பதியாத சித்தாள்கள் எத்தனை பேர் என்று எழுதி வரட்டும்.