எந்தப் பாசையில் இறங்கியது?

கல்முனைக் கடைத்தெருவில் சாரன் எடுக்கப் போயிருந்தேன். மருதமுனைத் தறிச் சாரன். கடைக்காரக் காக்கா ஒவ்வொன்றாக விரித்துக் காட்டிக்கொண்டே, என் கழுத்துச் சிலுவையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, உங்கட வேதம் என்ன பாசையில இறங்கின?"

அவருக்கு அது சாதாரணக் கேள்வி. குர்ஆன் அரபியில் இறங்கியது. தமிழில் அச்சிட்டு வைத்திருப்பது தர்ஜுமா. அது குர்ஆன் ஆகாது. வீட்டில் பேசுவது தமிழானாலும் தொழுகையில் ஓதுவது அரபிதான்.

என் அம்மம்மாவிடம் கேட்டிருந்தால் யோசிக்காமல் "லத்தீன்" என்றிருப்பா. அவவுடைய கோயில் அப்படி. சுவாமி பீடத்தைப் பார்த்தபடி, சனத்துக்கு முதுகு காட்டி நின்று பூசை வைப்பார். அவ கீழே பாயில் இருந்து செபமாலை உருட்டுவா. மணி கிலுங்கினால் எழுந்தேற்றம். தலை தானாகக் குனியும். கடவுள் தன்னைப் பற்றிச் சொன்னதெல்லாம் ஞானோபதேசப் புத்தகத்தில் கேள்வியும் விடையுமாக இருந்தது. மனப்பாடம் பண்ணினால் போதும். வேதாகமம் வீட்டில் கிடையாது. அது மெதடிஸ்தக்காரருடைய சாமான்.

அவர்கள் அந்தப் புத்தகத்தோடுதான் கரையிறங்கினார்கள். 1814இல் மட்டக்களப்புக்கு வந்த வில்லியம் ஓல்ட் அடுத்த ஆண்டே இறந்துபோனார்; ஆனாலும் பள்ளிக்கூடங்கள் எழும்பின. வேதம் வாசிக்க எழுத்துத் தெரிய வேண்டுமே. காரைதீவு விபுலானந்த அடிகள்கூட இளமையில் கல்முனை மெதடிஸ்தப் பாடசாலையில் படித்தவர்தான். தமிழில் புதிய ஏற்பாடு ஓல்ட் வருவதற்கு ஏறக்குறைய நூறு வருசம் முன்பே, 1715இல், தரங்கம்பாடியில் அச்சாகிவிட்டது.

ஆனால் கடவுளை எந்தப் பெயரால் அழைப்பது என்பதிலேயே தமிழ்க் கிறிஸ்தவம் மாறி மாறி நின்றிருக்கிறது. பப்ரிசியுசின் மொழிபெயர்ப்பில் பராபரன். 1871இன் பவர் மொழிபெயர்ப்பில் தேவன். 1995இன் திருவிவிலியத்தில் கடவுள். அம்மம்மாவுக்கோ கடைசிவரை சர்வேசுரன். 'தூய ஆவி' என்று பேரப்பிள்ளைகள் சொன்னால் முகம் சுளிப்பா. இஸ்பிரீத்துசாந்து என்றால்தான் அவவுக்கு அது கடவுள்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் வந்து பீடத்தைத் திருப்பிப் போட்டது. சுவாமி சனத்தைப் பார்த்தார், தமிழில் பேசினார். 1965 நவம்பரில் வெளியிட்ட இறைவெளிப்பாட்டு ஏட்டில் சங்கம் சொன்னதன் சாரம் இது: கடவுள் வெளிப்படுத்துவது வெறும் தகவல்களை அல்ல, தன்னையே, நண்பர்களோடு பேசுகிறவரைப்போல அவர் மனிதரோடு பேசுகிறார், அந்தப் பேச்சு யேசு என்ற ஆளில் முழுமை பெற்றது. மனப்பாட விடைகள் இதோடு பின்வாங்கின. இன்று வேதாகமம் எல்லார் கைப்பேசியிலும் இருக்கிறது. விடிந்தால் ரோசாப்பூப் படத்தோடு வட்ஸ்அப்பில் ஒரு வசனம் வருகிறது. அம்மம்மா மணிச் சத்தத்துக்குக் குனிந்த அளவுக்கு நாங்கள் அந்த வசனத்துக்குக் குனிகிறோமா என்றால், நான் இல்லை.

மாறாதது என்று நான் நினைத்திருந்த ஒன்றும் மாறியது. 1978 நவம்பர் 23 இரவு சூறாவளி தென்னைகளை முறித்துப் போட்டபோது, இது சர்வேசுரன் பேசுகிற விதம் என்று அம்மம்மா சொன்னா. நாங்கள் செய்த பாவத்துக்குக் கோபம். வேலிக்கு அந்தப் பக்கம் உம்மாமாரும் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். 2004இல், நத்தாருக்கு மறுநாள் ஞாயிறு காலையில், கடல் வந்தது. மருதமுனையிலிருந்து காரைதீவு வரை கரையோரம் வழித்தெடுத்தது போலக் கிடந்தது. கோயிலுக்குப் போனவர், பள்ளிக்குப் போனவர் என்று அது பார்க்கவில்லை. பிறகு ஒரு பூசையில் சுவாமி லூக்காவின் 13ஆம் அதிகாரத்தை எடுத்தார். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தார்கள். அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று கேட்டு, இல்லை என்கிறார் யேசு. சுவாமி அதற்கு மேல் விளக்கவில்லை. பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்த ஒரு தாய் முன்வரிசையில் இருந்தா. கடவுள் அலையில் பேசவில்லை என்று ஒருவர் பீடத்தில் நின்று சொல்லி அன்றுதான் நான் கேட்டேன்.

காக்கா இன்னும் பதிலுக்கு நின்றார். யேசு பேசியது அரமேய மொழி, அவருடைய கதையை எழுதியது கிரேக்கத்தில் என்றேன்.

"அப்ப அவர் பேசின பேச்சு உங்களிட்ட இல்லையா?"

"ஒரு சில சொல்லு இருக்கு. தலித்தா கூம். எப்பத்தா. பிறகு, அப்பா."

"என்ன அப்பா?"

"கடவுளை அவர் கூப்பிட்ட சொல்லு. அரமேயத்திலயும் அப்பாதான்."

காக்கா சாரனை மடித்த கையை நிறுத்தினார். "ஈசா நபி எங்களுக்கும் நபிதான். ஆனா நாங்க அல்லாஹ்வ அப்பிடிக் கூப்பிடுற இல்ல, தம்பி" என்றார் மெதுவாக. பிறகு, "வாப்பா மாதிரியே கேக்குது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, நீலக்கரைச் சாரனைப் பையில் போட்டுத் தந்தார்.