எடை, அடர்த்தி, கனம்: உலோகங்களின் ஒப்பீட்டில் சொற்பொருள் தெளிவு

1. சொற்கள்

'பஞ்சைவிட இரும்பு கனமானது' என்னும் தொடர் உலக வழக்கில் ஐயம் எழுப்புவதில்லை. ஆயினும், ஒரு கிலோகிராம் பஞ்சும் ஒரு கிலோகிராம் இரும்பும் எடையால் ஒத்தவையே. அத்தொடர் சுட்டுவது, ஒத்த பருமனுள்ள இரு பொருள்களிடையே காணப்படும் வேறுபாட்டை ஆகும். இதனை 'அடர்த்தி' என்பர்.

தொல்காப்பிய எழுத்ததிகாரத்தில் 'நிறை' என்பது நிறுத்தறியும் அளவைப் பெயர்களைக் குறிக்கிறது. இன்றைய இயற்பியலில் அது பொருளில் அடங்கிய பருப்பொருளின் அளவைச் சுட்டும் கலைச்சொல்லாகும்; 'எடை' அதன்மீது செயற்படும் ஈர்ப்பு விசையாகும். நிலவில் எடை ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகும், நிறை மாறாது. நிறையைப் பருமனால் வகுக்கக் கிடைப்பது அடர்த்தி. 'கனம்' என்னும் சொல்லோ 'கன மீட்டர்' என்பதில் பருமனையும், 'கனமான பெட்டி' என்பதில் எடையையும், 'கனமான துணி' என்பதில் தடிப்பையும் உணர்த்துகிறது. எனவே, அறிவியல் ஒப்பீட்டில் இச்சொல்லைத் தனித்து ஆளுதல் தெளிவு தராது.

2. அளவுகள்

ஒரு லிட்டர் பருமனுள்ள உலோகப் பாளங்களை நிறுத்தால், அலுமினியம் 2.7, துத்தநாகம் 7.1, வெள்ளீயம் 7.3, இரும்பு 7.9, செம்பு 9.0, வெள்ளி 10.5, ஈயம் 11.3, தங்கம் 19.3 கிலோகிராம் இருக்கும். அதே பருமனுள்ள நீர் ஏறத்தாழ 1 கிலோகிராம். நீரில் அமிழும் இரும்பும் ஈயமும், அடர்த்தி 13.6 உடைய பாதரசத்தில் மிதக்கும். தங்கம் அதிலும் அமிழும்.

அணு நிறை மட்டுமே அடர்த்தியை வரையறுப்பதில்லை. ஈயத்தின் அணு நிறை 207, தங்கத்தினது 197. எனினும் தங்கத்தின் அணுக்கள் சிறியனவாய் நெருங்கி அமைந்திருத்தலின், அதன் அடர்த்தியே மிகுதியாகும். ஆகவே 'கனமான அணு' என்பதும் 'அடர்த்தி மிக்க உலோகம்' என்பதும் ஒருபொருட் கிளவிகள் அல்ல.

3. ஈயம் என்னும் பெயர்

இச்சொல்லாட்சியில் எழும் குழப்பம் வாழ்க்கையையும் தாக்க வல்லது. கி.பி. முதல் நூற்றாண்டில் பிளினி, ஈயத்தைப் 'பிளம்பும் நிக்ரும்' எனவும் வெள்ளீயத்தைப் 'பிளம்பும் அல்பும்' எனவும் குறித்தார். இவை முறையே கருமை, வெண்மை என்னும் அடை பெற்ற பெயர்கள். தமிழின் காரீயம், வெள்ளீயம் என்பனவும் இவ்வாறே அமைந்துள்ளன. இந்தியிலோ சீசா, ராங்கா எனத் தொடர்பற்ற இரு பெயர்கள் வழங்குகின்றன.

தமிழ்ப் பேச்சு வழக்கில் அடைமொழி மறைந்துவிடுகிறது. இரசம் வைக்கும் 'ஈயச் சொம்பு', பித்தளைப் பாத்திரத்திற்கு 'ஈயம் பூசுதல்' ஆகியவற்றில் உரியது வெள்ளீயமே. அங்குக் காரீயத்தைக் கொண்டால் புளிப்பில் நச்சு கரைந்து உணவிற் சேரும். இவற்றை 'ஈயம்' என்ற சொல்லின் அகராதிப் பொருளை மட்டும் நோக்கிப் பிறமொழிக்குப் பெயர்ப்பவர், நச்சு உலோகத்தைச் சமையற்கலமாக்கிவிடுவார். மேலும், பென்சில் முனையில் உள்ள கிராபைட்டும் 'காரீயம்' எனப்படுவதுண்டு. அது உலோகமன்று, அதன் அடர்த்தியும் ஏறத்தாழ 2.2 மட்டுமே. மூலத்தில் அடர்த்தி தரப்பட்டிருப்பின், 7.3, 11.3, 2.2 என்னும் எண்களே பொருளை ஐயமின்றிக் காட்டிவிடும்.

4. முடிவு

தனிப்பொருளைக் கூறுமிடத்து 'எடை மிக்க' எனவும், பொருள்வகையைக் கூறுமிடத்து 'அடர்த்தி மிக்க' எனவும் ஆளுதல் தகும். சூழலியலில் வழங்கும் 'கன உலோகம்' என்பதை அடர்த்தியைக் கொண்டு விளக்குதல் பொருந்தாது. அச்சொல்லுக்கு ஒருமித்த வரையறை இல்லை என்பதை, 2002இல் தூய, பயன்முறை வேதியியலின் பன்னாட்டு ஒன்றியம் வெளியிட்ட தொழில்நுட்ப அறிக்கை எடுத்துக்காட்டியது. அத்தகைய இடங்களில் உலோகத்தின் பெயரையே அடைமொழியுடன் எழுதுதல் நலம்.