பளிங்குக்கல்லில் இல்லாத வாசிகசாலை

யாழ்ப்பாணத்துக் கிராமம் ஒன்றின் சனசமூக நிலையத்துக்குப் போனால் பல இடங்களில் வாசலிலேயே பளிங்குக்கல் பதித்திருக்கிறது. திறந்துவைத்தவர் பெயர், தாய் தகப்பன் நினைவாகப் பணம் தந்த வெளிநாட்டு உறவின் பெயர், ஒரு திகதி. அநேகமாக அது 2009க்குப் பிந்திய திகதி. அன்றைக்குத்தான் ஊரில் பொதுக் கட்டடம் வந்தது என்று இளம்பிள்ளைகள் நம்பினால் அவர்களில் பிழையில்லை.

ஆனால் எத்தனையோ நிலையங்கள் அதற்கு வெகு முன்னரே கிடுகுக் கொட்டிலில் வாசிகசாலையாகத் தொடங்கியவை. ஒருவர் காணி எழுதிக் கொடுத்தார். இன்னொருவர் வளைக்குப் பனை தறித்துத் தந்தார். சிரமதானத்தில் கல் சுமந்து சுவர் எழும்பியது. நடுவில் நீள மேசை, இரண்டு பக்கமும் வாங்கு, அதற்குமேல் பெரிய தளபாடம் கிடையாது. கொழும்புப் பத்திரிகைகள் ரயிலில் வந்தன. 1959இல் யாழ்ப்பாணத்திலிருந்தே ‘ஈழநாடு’ வரத் தொடங்கியதும் மேசைக்கு உள்ளூர்ச் செய்தியும் சேர்ந்தது. ஒரு பத்திரிகையை நாலு பேர் தாள்தாளாகப் பிரித்து வாசிப்பார்கள். வாசிக்கத் தெரியாத கிழவருக்காக ஒருவர் உரத்துப் படிப்பார். காலையில் முன்பள்ளி, பின்னேரம் முற்றத்தில் கரப்பந்தாட்டம், செத்தவீட்டுக்குக் கதிரை.

ஒரே ஊரில் இரண்டு மூன்று வாசிகசாலைகள் இருப்பதற்கு வாசிப்பு ஆர்வத்தை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. ஒரு குறிச்சியின் வாங்கில் மற்றக் குறிச்சியார் இருக்க முடியாத காலத்தில், ஒதுக்கப்பட்டவர்கள் தங்களுக்கென்று தாங்களே கட்டியவையும் அவற்றில் உண்டு. எந்தக் கல்லிலும் இதைப் பொறிக்க மாட்டார்கள்.

பிறகு போர். 1990இல் மின்சாரம் நின்றது. சீமெந்துக்குத் தடை, மண்ணெண்ணெய்க்குத் தடை. வெடித்த சுவரைப் பூச வழியில்லை. பத்திரிகைகள் கோடு போட்ட கொப்பித் தாளிலும் அச்சாகின. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது நிலையத்தின் அலுமாரியைத் தூக்கிக்கொண்டு யார் போவது? அடுத்த ஆண்டு திரும்பியவர்களில் பலர் கதவும் கூரையும் இல்லாத கட்டடங்களைத்தான் கண்டார்கள். எல்லாருக்கும் அப்படித் திரும்பவும் முடியவில்லை: மயிலிட்டியார் 1990இல் விட்டுப்போன தங்கள் துறைமுகத்தைத் திரும்பப் பார்க்க 2017 ஆயிற்று.

அந்த அலுமாரிக்குள் இருந்த கூட்ட அறிக்கைக் கொப்பிகள்தான் என் கவலை. மாதச் சந்தா யார் கட்டினார், யார் நிலுவை, பெற்றோல்மாக்ஸ் வாங்கிய கணக்கு, எந்தத் தீர்மானத்தை எதிர்த்து யார் கைதூக்கினார், கோபித்துக்கொண்டு விலகிய பொருளாளரின் கடிதம் – ஊர் தன் கையால் எழுதிய வரலாறு அது. போருக்குத் தப்பியவற்றைக் கறையான் தின்கிறது. கறையானுக்கும் தப்பியவை புதுக் கட்டடத்துக்காகப் பழையதை இடிக்கும் நாளில் குப்பையோடு போகின்றன. அப்படிப் போனதற்குப் பிறகு விழா மலருக்கு வரலாறு எழுதச் சொல்லி ஒருவரைப் பிடிக்கிறார்கள். அவர் பளிங்குக்கல்லைப் பார்த்து எழுதுகிறார். சந்தா கட்டிய கூலிக்காரரும் சுருட்டுக்காரரும் அந்த மலரில் வருவதில்லை. போசகர்கள் வண்ணப் படத்தோடு வருகிறார்கள்.

வெளிநாட்டுக் காசு வராவிட்டால் கூரையே இருந்திராது என்று நிர்வாகத்தினர் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் அறிக்கைக் கொப்பியைக் காப்பதற்குக் கூரைக் காசில் நூறில் ஒரு பங்குகூட வேண்டாம். கைபேசி உள்ள ஒரு பிள்ளை பக்கம் பக்கமாகப் படமெடுத்தால் போதும். ஒரு பிரதியைப் பொது நூலகத்திலும் இன்னொன்றைப் பணம் தந்த உறவிடமும் கொடுத்து வைக்கலாம். எழுத்து மங்கிய இடங்களை வாசித்துச் சொல்லக்கூடிய பழைய செயலாளர்கள் எண்பது வயதைத் தாண்டிவிட்டார்கள். வருகிற ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் புதுக் கட்டடத்துக்கான தீர்மானத்துக்கு முன்னால் கொப்பிகளைக் காக்கும் தீர்மானத்தை எடுக்க வேண்டும்.