உலோகக் கழிவு மண்ணில் நிற்கும் மரம் தழை உரத்துக்கு ஆகாது

தஞ்சை டெல்டாவில் வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் நிற்கும் பூவரசு, வேம்பு, கிளைரிசிடியா ஆகியவற்றின் தழையை வெட்டி நடவு வயலில் மிதிப்பது நெடுநாளைய பழக்கம். நல்ல பழக்கந்தான். ஆனால் அந்த மரம் எந்த மண்ணில் நிற்கிறது என்பதையும் விவசாயிகள் பார்க்கவேண்டும்.

காரீயம், காட்மியம், குரோமியம், நிக்கல், தாமிரம், துத்தநாகம் முதலியவற்றைக் கன உலோகங்கள் என்கிறோம். தாமிரமும் துத்தநாகமும் சிறிதளவு பயிருக்கு வேண்டும். மிஞ்சினால் அவையும் நஞ்சே. இவை மண்ணில் மக்கி அழிவதில்லை. வேலூர் வட்டாரத்தில் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனதாகத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் அவ்வூர் ஆராய்ச்சி மையம் கண்டது. உச்ச நீதிமன்றம் 1996-ம் ஆண்டுத் தீர்ப்பில் இதை எடுத்துக் காட்டியுள்ளது. அக்கழிவில் உப்பும் உண்டு, குரோமியமும் உண்டு.

இத்தகைய மண்ணில் முதலில் பாதிக்கப்படுவது வேர்நுனி. நுனி தடித்துக் கறுக்கும், சல்லிவேர் குறையும். பிறகு இளந்தளிரில் நரம்பு மட்டும் பச்சையாக இருக்க, இடையே மஞ்சள் படரும். துத்தநாகமோ நிக்கலோ மிஞ்சினால் மரத்துக்கு இரும்புச்சத்து கிட்டுவதில்லை. அன்னபேதி தெளித்தால் தளிர் பச்சையாகலாம். மண்ணிலுள்ள கோளாறு அப்படியே இருக்கும்.

எல்லா மரமும் வாடுவதில்லை என்பதுதான் சங்கடம். பல மரங்கள் உலோகத்தை வேரிலேயே பிடித்து நிறுத்திக்கொண்டு செழிப்பாக நிற்கின்றன. குரோமியம் பெரும்பாலும் வேரோடு நின்றுவிடும். காட்மியமும் துத்தநாகமும் சில மரங்களில் இலைவரை ஏறும். இலை உதிர்ந்தால் அடிமண்ணில் இருந்தது மேல்மண்ணுக்கு வந்துவிடும். பசிபிக் கடலிலுள்ள நியூ கலிடோனியா தீவில் ஒரு மரத்தின் பால் நீலப்பச்சையாக இருக்கும். அதைக் காயவைத்தால் எடையில் கால்பங்கு நிக்கல் என்று 1976-ல் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். அந்த மரத்துக்கு ஒரு நோயும் இல்லை!

தழையோடு வயலுக்கு வரும் காட்மியம், நீர் தேங்கியிருக்கும் வரை பெரும்பாலும் கரையாமல் கிடக்கும். கதிர் பால்பிடிக்கும் தருணத்தில் வயல் காய்ந்தால் மணிக்கு ஏறும். ஜப்பானில் ஜின்சூ ஆற்றுப் பாசனத்தில் சுரங்கக் கழிவு கலந்து விளைந்த அரிசியை உண்டவர்களுக்கு எலும்பு நொறுங்கும் நோய் வந்தது. அதற்குக் காட்மியமே காரணம் என்று 1968-ல் அந்நாட்டு அரசு ஒப்புக்கொண்டது.

பித்தளைப் பட்டறைச் சாம்பல் கொட்டிய இடம், பழைய பாட்டரி உடைத்த இடம், நகரக் குப்பைமேடு, ஆலைக் கழிவுநீர் ஓடும் வாய்க்கால் ஓரம் ஆகியவற்றில் நிற்கும் மரங்களின் தழையை வயலுக்கோ ஆடுமாடுகளுக்கோ ஒடிக்கவேண்டாம். முருங்கை, அகத்தி அங்கே வைக்கவே கூடாது. தேக்கு போன்ற தடிமரம் வைக்கலாம். அங்குள்ள மரங்களை விறகாக எரித்தால் அந்தச் சாம்பலை வயலில் இடக்கூடாது. இவ்விடங்கள் யாவும் கெட்டுவிட்டன என்று சொல்வதற்கில்லை, சோதித்தால்தான் தெரியும்.

வழக்கமான மண் பரிசோதனையில் காரீயமும் காட்மியமும் வராது, தனியாகக் கேட்கவேண்டும். மேல் அரையடி மண்ணையும் அதற்குக் கீழுள்ள ஓரடி மண்ணையும் தனித்தனி மாதிரியாக எடுக்கவும். துத்தநாகம் பூசிய தகர வாளியில் சேர்க்காமல் பிளாஸ்டிக் வாளியில் சேர்த்து, நிழலில் உலர்த்தி அனுப்பவும்.